மொட்டை மாடியில் 47 டிகிரி: பிள்ளைகள் செய்த வானிலை நிலையம், தப்பு எங்கே?

பெரம்பூர் வாத்தியார் | மே 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். லீவு விட்டும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காத ஏழு பிள்ளைகள் சேர்ந்து பள்ளி மொட்டை மாடியில் ஒரு வானிலை நிலையம் வைத்திருக்கிறார்கள். நோட்எம்சியு போர்டு (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை) ஒன்று, ஒரு பழைய போன் சார்ஜர், அப்புறம் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் மூன்றும் காட்டும் என்று சொல்லி விற்ற பிஎம்இ280 சென்சார் ஒன்று. மழைக்கு டிப்பிங் பக்கெட்டை (நிரம்ப நிரம்பக் கவிழ்ந்து எண்ணும் மழைமானி) ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன் ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டிச் செய்துகொண்டிருக்கிறான். இதுவரை செலவு 1,400 ரூபாய் சொச்சம். பாதி என் பாக்கெட், மீதி பிள்ளைகளின் உண்டியல்.

நேற்று மத்தியானம் 2 மணிக்கு எங்கள் நிலையம் 47.3 டிகிரி காட்டியது. அன்று நுங்கம்பாக்கம் அரசு வானிலை நிலையத்தில் பதிவான அதிகபட்சம் 38 சொச்சம்தான். குழுவில் ஒரு பெண் கேட்டாள்: “சார், நுங்கம்பாக்கம் பொய் சொல்லுதா, நாம பொய் சொல்றோமா?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஈரப்பதம் வேறு பூஜ்யத்திலேயே நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிச்சித் தெரு வாசி | மே 9, இரவு 10.05

ஈரப்பதம் பூஜ்யமா? சார், உங்களுக்குக் கொடுத்தது பிஎம்பி280. அதில் ஈரப்பதம் பார்க்கும் பாகமே கிடையாது. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், விலையில் மட்டும் பாதிக்குப் பாதி வித்தியாசம். சிப்புக்குள் பதிந்திருக்கும் அடையாள எண்ணை, சிப் ஐடியை, படித்துப் பாருங்கள். ஹெக்ஸில் 60 வந்தால் பிஎம்இ, 58 வந்தால் பிஎம்பி. நானே இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன். இப்போதெல்லாம் கடையிலேயே லேப்டாப்பைத் திறந்து செக் பண்ணிவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

47 டிகிரிக்கு வருவோம். சென்சாரை எதில் வைத்திருக்கிறீர்கள்?

பெரம்பூர் வாத்தியார் | மே 9, இரவு 10.31

58 தான் வருகிறது. போச்சு.

சென்சார் இருப்பது மூடி போட்ட ஒரு லஞ்ச் பாக்ஸில், உள்ளே தெரிகிற மாதிரியான பிளாஸ்டிக். சால்டரிங் அயர்னால் சுற்றி எட்டு ஓட்டை போட்டிருக்கிறோம். போர்டும் அதற்குள்ளேயே. மழை படக்கூடாது என்று கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்திருக்கிறோம். எழுதும்போதே எங்கே தப்பு என்று லேசாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

ஓய்வுபெற்ற அப்சர்வர் | மே 10, காலை 6.15

சார், உங்கள் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, நுங்கம்பாக்கமும் சொல்லவில்லை. அவர்கள் அளந்தது லஞ்ச் பாக்ஸின் வெப்பநிலையை. நுங்கம்பாக்கம் அளப்பது காற்றின் வெப்பநிலையை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்.

வெயிலில் நிற்கும் எந்தப் பொருளும் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகும். வெயிலில் நிறுத்திய பைக் சீட்டில் உட்கார்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே வெப்பமானி வெயிலைப் பார்க்கக் கூடாது, சுடுகிற தரையையும் பார்க்கக் கூடாது, காற்று மட்டும் அதன் மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மூன்றுக்காகத்தான் ஸ்டீவன்சன் பெட்டி. கலங்கரை விளக்கம் கட்டுகிற பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் செய்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி, நாலு பக்கமும் சாய்ந்த பலகைகள், கூரை இரட்டை அடுக்கு. நம் ஊரில் கதவு வடக்குப் பார்த்து இருக்கும், திறக்கும்போது வெயில் உள்ளே விழக்கூடாது என்று. தரையிலிருந்து ஓர் ஆள் மார்பு உயரத்தில், புல் தரைக்கு மேல் நிற்கும். உங்கள் டப்பாவில் இதில் எது இருக்கிறது, சொல்லுங்கள்.

பெட்டியை மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். விடிவதற்கு முன்னால், ஐந்தரை மணி வாக்கில், உங்கள் ஆய்வகத்துக் கண்ணாடி வெப்பமானியை டப்பாவுக்குப் பக்கத்தில் கட்டி இரண்டையும் படியுங்கள். வெயில் இல்லாத நேரத்தில் இரண்டும் ஒத்துப்போனால் சென்சார் யோக்கியன், டப்பாதான் திருடன். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேரையும் சந்தேகப்படலாம்.

சும்மா ஒரு கேள்வி | மே 10, காலை 9.20

தப்பாக நினைக்காதீர்கள். போனைத் திறந்தால் பெரம்பூர் வெப்பநிலை வருகிறது, ஈரப்பதம் வருகிறது, மழை எத்தனை மணிக்கு என்று கூட வருகிறது. பிள்ளைகளை வெயிலில் மாடியில் ஏற்றி இதெல்லாம் எதற்கு? அப்படியே வேண்டுமென்றால் ரெடிமேடாகவே நிலையம் விற்கிறார்களே.

மழைக்கணக்கு | மே 10, காலை 9.55

நண்பரே, போனில் ‘பெரம்பூர்’ என்று வருகிறதே, பெரம்பூரில் யாராவது வெப்பமானி வைத்து அளந்ததா அது? பெரும்பாலும் இல்லை. பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக ஊரைப் பிரித்து கணினி போட்ட மதிப்பீடு. அதில் தப்பில்லை, ஆனால் அளவு வேறு, மதிப்பீடு வேறு.

சென்னையில் அளவு எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2015 டிசம்பர் 2 காலை எட்டரை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. ரயிலில் முக்கால் மணி நேரப் பயணம். நடுவில் இருக்கிற ஊர்களில் எவ்வளவு பெய்தது என்று எத்தனை இடத்தில் மானி இருந்தது? அந்த வருஷம் எங்கள் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். அதற்கப்புறம்தான் நான் மழைமானி வாங்கினேன்.

அமெரிக்காவில் கொலராடோவில் 1997இல் ஃபோர்ட் காலின்ஸ் ஊரில் இப்படித்தான் ஒரு வெள்ளம். ஊரின் ஒரு மூலையில் கொட்டித் தீர்த்தது, மறுமூலையில் கொஞ்சம்தான். அடுத்த வருஷமே பொதுமக்களிடம் சாதாரண பிளாஸ்டிக் மழைமானியைக் கொடுத்து அளக்கச் சொல்லி ‘கோகோராஸ்’ என்ற வலையத்தை ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஆயிரக்கணக்கானோர் அளக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

ரெடிமேட் வாங்கலாம், தாராளமாக. ஆனால் 47 காட்டினால் அதைப் பிரித்துப் பார்க்க மனசு வராது, வாரன்டி போய்விடும்.

அடையாறு இசிஇ | மே 10, மாலை 7.12

வணக்கம் சார். நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஸ்டீவன்சன் பெட்டிக்கு மரவேலை ஆசாரி தேட வேண்டாம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு எட்டு வாங்குங்கள், வெள்ளை நிறம். மேலே இரண்டு தட்டை விட்டுவிட்டு மற்றதன் நடுவில் வட்டமாக வெட்டி எடுங்கள். எல்லாவற்றையும் கவிழ்த்து, விரல் அகல இடைவெளி விட்டு, மூன்று நீளத் திருகுக் கம்பியில் கோருங்கள். இடைவெளிக்குப் பழைய பால்பாயின்ட் பேனாக் குழாயை ஒரே அளவில் வெட்டிப் போட்டோம். சென்சார் நடுவில் தொங்க வேண்டும், தட்டைத் தொடக்கூடாது.

முக்கியமாக, போர்டை அதற்குள் வைக்காதீர்கள். வைஃபை அனுப்பும்போது அந்தச் சிப் நன்றாகவே சூடாகும், பக்கத்திலேயே சென்சார் இருந்தால் அதையும் சேர்த்து அளக்கும். ஒரு முழ ஒயர் விட்டு போர்டைத் தனி டப்பாவில் வையுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விழித்து அளந்து அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிற மாதிரி கோட் எழுதினால் இன்னும் நல்லது.

ஈரப்பதத்துக்கு டிஎச்டி22 சென்சார் போதும். டிஎச்டி11 வேண்டாம், வெப்பத்தில் 2 டிகிரி கூடக் குறையக் காட்டினாலும் அதன் தரவுத்தாள் அதைச் சரி என்றுதான் சொல்லும். வாங்கியதும் உப்புச் சோதனை செய்யுங்கள்: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சென்சாரோடு ஒரு ஜிப் பையில் மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் போய் நிற்கும். சென்சார் என்ன காட்டுகிறதோ, அந்த வித்தியாசம் அதன் பிழை. உப்பு சென்சார் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் வாத்தியார் | மே 19, இரவு 8.50

முதலில் அப்சர்வர் ஐயா சொன்ன சோதனை. விடியற்காலை 5.30க்கு மாடிக்குப் போனோம் (வாட்ச்மேன் அண்ணன் எங்களைத் திருடர்கள் என்று நினைத்துவிட்டார், அது தனிக் கதை). கண்ணாடி வெப்பமானி 28.5, டப்பா 28.9. போர்டின் சூடு கொஞ்சம் இருந்திருக்கலாம். சென்சார் யோக்கியன்தான்.

தட்டு வாங்கப் போன நர்சரியில் செங்கல் நிறம்தான் இருந்தது. வாங்கி, வெள்ளை எனாமல் இரண்டு கை அடித்தோம். ஒரு தட்டில் பெயின்ட் வழிந்து எட்டாவது பையன் யூனிஃபார்ம் காலி. புதுக் கூண்டைத் தொட்டியிலிருந்து தள்ளி ஒரு பிவிசி குழாயில் நிறுத்தினோம். பழைய லஞ்ச் பாக்ஸைத் தூக்கிப் போடலாம் என்றேன். பிள்ளைகள் விடவில்லை. இரண்டும் ஒரு வாரம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும், கோடு போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

வரைபடத்தை என்னவென்று சொல்ல! ராத்திரி முழுக்க இரண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்று. ஆறரை மணிக்குப் பிரிகின்றன. பத்து மணிக்கு 4 டிகிரி வித்தியாசம், 2 மணிக்கு 8. ஒருநாள் மத்தியானம் மேகம் மூடியபோது இருபது நிமிஷத்தில் லஞ்ச் பாக்ஸ் கோடு மளமளவென்று இறங்கிக் கூண்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மேகம் விலகியதும் மறுபடி ஏறிவிட்டது. கதிர்வீச்சால் வெப்பம் பரவுவதை நான் பதினேழு வருஷமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்போது 2 மணிக்கு 39, 40 என்று வருகிறது. நுங்கம்பாக்கத்தைவிட ஒன்று ஒன்றரை கூட.

ஓய்வுபெற்ற அப்சர்வர் | மே 20, காலை 6.02

அந்த ஒன்றரை உங்கள் மாடியின் காங்கிரீட். அதைக் கழித்துவிடாதீர்கள். ‘மொட்டை மாடி, சிமென்ட் தளம், 14 மீட்டர் உயரம்’ என்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்குமே மே மாதத்தில் தினமும் வித்தியாசம் வரும். ஒரே நகரம்தான்.

உப்புச் சோதனை என்ன ஆயிற்று?

பெரம்பூர் வாத்தியார் | மே 20, மாலை 5.40

81 காட்டியது ஐயா. புரோகிராமில் 6ஐக் கழித்துவிடலாம் என்றான் ஒருவன். இன்னொருத்தி, 75இல் 6 தப்பென்றால் 40இலும் 6 தானா என்று கேட்டாள். சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற அப்சர்வர் | மே 21, காலை 6.10

அந்தப் பெண் சொல்வது சரி. ஓர் இடத்துப் பிழையை வைத்து எல்லா இடத்தையும் திருத்த முடியாது. இரண்டு கண்ணாடி வெப்பமானி எடுத்து, ஒன்றின் குமிழில் பழைய வேட்டியிலிருந்து மெல்லிய துணி சுற்றி நனைத்து, விசிறியால் நன்றாக வீசிவிட்டுப் படியுங்கள். ஈரக் குமிழ், உலர் குமிழ் இரண்டின் வித்தியாசத்திலிருந்து அட்டவணையில் ஈரப்பதம் பார்க்கலாம். நாங்கள் காலமெல்லாம் செய்தது இதைத்தான். காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் செய்தால் சென்சார் எந்த வேளையில் எவ்வளவு தப்பு என்று தெரிந்துவிடும். அசல் எண்ணை அழிக்காமல் தனியாக வைத்துக்கொண்டு, திருத்தத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு அன்னா மணியைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர், படித்தது நம் கடற்கரையில் இருக்கும் மாநிலக் கல்லூரியில், இயற்பியல். லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்துவிட்டு 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை சாதாரணக் கருவிகளுக்குக்கூட வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டுத் தரப்படுத்தி இங்கேயே செய்யவைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கையில் எடுத்த கருவிகளில் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

பெரம்பூர் வாத்தியார் | ஜூன் 16, இரவு 9.15

பள்ளி திறந்துவிட்டது, வேலை தலைக்கு மேல். இருந்தாலும் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அழுத்த சென்சார் கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். தினமும் காலையில் ஏறுகிறது, சாயங்காலம் இறங்குகிறது, மறுபடி ராத்திரி ஏறி விடியற்காலை இறங்குகிறது. 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) அளவுக்கு. கடிகாரம் மாதிரி. வெப்பத்தால் சென்சார் தடுமாறுகிறது என்று நினைத்தால், ராத்திரி பத்து மணிக்கு என்ன வெப்பம்? மீனம்பாக்கத்தைவிட 2 குறைவாகவும் காட்டுகிறது.

ஓய்வுபெற்ற அப்சர்வர் | ஜூன் 17, காலை 5.58

சென்சாருக்கு ஒன்றுமில்லை. காலை 10, இரவு 10 இரண்டு வேளையும் உச்சம், 4 மணி இரண்டு வேளையும் பள்ளம், சரிதானே? அது காற்று மண்டலத்தின் ஓதம், கடல் நீர் ஏறி இறங்குகிற மாதிரி. கடலில் ஓதத்தை இழுப்பது பெரும்பாலும் நிலா, இங்கே சூரியன். மேலே ஓசோனும் கீழே நீராவியும் வெயிலை உறிஞ்சிச் சூடாவதால் மொத்தக் காற்று மண்டலமும் நாளுக்கு இரண்டு முறை ததும்புகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் மாதிரி ஊர்களில்தான் பளிச்சென்று தெரியும். அதைவிட்டுத் தள்ளி இருக்கிற நாடுகளில் புயலும் குளிர்காற்றும் வந்து போய் இதை மூடிவிடும். இருநூறு ரூபாய்க்குள் வாங்கிய சிப்பில் அதைப் பிடித்திருக்கிறார்கள். நான் கேட்டேன் என்று சொல்லி ஆளுக்கு ஒரு சமோசா வாங்கிக் கொடுங்கள்.

இதனால்தான் புயல் காலத்தில் ‘காலையில் இருந்ததைவிட இப்போது குறைந்துவிட்டது’ என்று பதறக்கூடாது. நேற்று இதே நேரத்தோடு ஒப்பிட வேண்டும்.

மீனம்பாக்கத்தோடு 2 வித்தியாசம் உங்கள் உயரம். தரையை ஒட்டிய காற்றில் எட்டு மீட்டருக்கு ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். அறிக்கையில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். உங்கள் மாடி, கட்டடம் நிற்கிற மேடு, எல்லாம் சேர்த்துப் போடுங்கள்.

ரிச்சித் தெரு வாசி | ஜூன் 17, காலை 10.20

பத்து வருஷமாக இந்தச் சிப்பை விற்கிறவர்களோடு பழகுகிறேன், இது தெரியாது ஐயா.

அடையாறு இசிஇ | ஜூன் 22, இரவு 11.30

சார், நேற்று கடற்காற்று நுழைந்த நேரத்தைப் பார்த்தீர்களா? எங்கள் ஹாஸ்டல் மாடி கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. 12.50க்கு வெப்பம் கால் மணி நேரத்தில் 3 டிகிரி இறங்கி, ஈரப்பதம் 48இலிருந்து 66க்குத் தாவியது. உங்கள் கோட்டில் அந்த மடிப்பு எப்போது?

பெரம்பூர் வாத்தியார் | ஜூன் 23, காலை 7.05

1.40. மடிப்பு உங்களுடையதைவிடச் சின்னது. அம்பத்தூரிலிருந்து வரும் ஒரு பிள்ளை ‘எங்க வீட்டுக்கு மூணு மணிக்கு மேலதான் சார் காத்து வரும், சில நாள் வரவே வராது’ என்கிறாள். அவள் வீட்டுக்கும் ஒன்று செய்துகொடுப்பதாகப் பேச்சு.

தண்டையார்பேட்டை மாமி | ஜூன் 23, காலை 11.45

நான் உங்கள் குழுவில் இல்லை, படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மேற்கத்திக் காற்று பலமாக அடித்தால் கடற்காற்று உள்ளே வராது, அன்றைக்கு வத்தல் ஒரே நாளில் காய்ந்துவிடும். எங்கள் அம்மா காலையிலேயே கொடியில் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கூழ் கிளறுவார். காற்றுத் திசையை அளக்கிற கருவி வைக்கவில்லையா?

பெரம்பூர் வாத்தியார் | ஜூன் 23, மாலை 6.30

வைக்க ஆசைதான் அம்மா. காற்றை முறைப்படி 10 மீட்டர் உயரக் கம்பத்தில், சுற்றிலும் வெட்டவெளியில் அளக்க வேண்டும். மாடியில் இரும்புக் கம்பம் நட்டால் இடி விழும் என்று தலைமையாசிரியர் மறுத்துவிட்டார். அவர் பயம் நியாயமானதுதான். கொடித் துணியே இப்போதைக்கு.

பெரம்பூர் வாத்தியார் | ஆகஸ்ட் 21, இரவு 10.10

மழை! சாயங்கால இடிமழை, முக்கால் மணி நேரம். டிப்பிங் பக்கெட் 32 மி.மீ. என்றது. பக்கத்தில் சும்மா வைத்திருந்த இரண்டு லிட்டர் பாட்டில் மானியில் 22. (பாட்டிலின் தலையை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, அடியில் இருக்கும் மேடு பள்ளத்தைச் சிமென்ட் ஊற்றிச் சமன் செய்து, ஸ்கேல் ஒட்டியது. செலவு பூஜ்யம்.) 1,400 ரூபாய் எந்திரத்தை நம்புவதா, குப்பையில் கிடந்த பாட்டிலை நம்புவதா?

அடையாறு இசிஇ | ஆகஸ்ட் 21, இரவு 10.40

ஒரு கவிழ்ப்புக்கு எத்தனை மி.மீ. என்று புரோகிராமில் இருக்கிறது? 0.2794 என்று இருந்தால் எனக்கு இப்போதே சிரிப்பு வருகிறது.

பெரம்பூர் வாத்தியார் | ஆகஸ்ட் 21, இரவு 10.52

0.2794 தான். எப்படித் தெரியும்?

அடையாறு இசிஇ | ஆகஸ்ட் 21, இரவு 11.08

இணையத்தில் இருக்கிற பாதிப் புரோகிராம்களில் அந்த எண்தான் சார். அது கடையில் விற்கும் ஒரு குறிப்பிட்ட மானிக்கான எண், அங்குலத்தில் 0.011. ஐஸ்கிரீம் டப்பா மானிக்கு அது எப்படிப் பொருந்தும்? உங்கள் புனலின் வாய் எத்தனை செ.மீ.? ஊசி போடுகிற சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை மில்லியில் கவிழ்கிறது என்று இருபது தடவை பார்த்து சராசரி எடுங்கள். கவிழ்ப்பை எண்ணுகிற ரீட் சுவிட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் சுவிட்ச்) ஒரு கவிழ்ப்பை இரண்டாக எண்ணுகிறதா என்றும் பாருங்கள், அது துள்ளும்.

பெரம்பூர் வாத்தியார் | ஆகஸ்ட் 23, மாலை 4.20

புனல் வாய் 15 செ.மீ., பரப்பு 176.7 சதுர செ.மீ. அப்படியானால் 1 மி.மீ. மழைக்கு 17.67 மில்லி தண்ணீர் விழ வேண்டும். பக்கெட் கவிழ்வது சராசரி 3.4 மில்லியில். வகுத்தால் 0.192 மி.மீ. அன்றைக்கு 115 கவிழ்ப்பு. 0.192ஆல் பெருக்கினால் 22.1. பாட்டில் சொன்னது 22!

கரும்பலகையில் இந்தக் கணக்கு முடிந்ததும் வகுப்பில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்புத் தமிழ் மிஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதே சூட்டில் ஒருத்தி அடுத்த கணக்கைப் போட்டுவிட்டாள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். பள்ளி மாடி 400 சதுர மீட்டர். 22 மி.மீ. மழைக்கு 8,800 லிட்டர். “சார், முக்கால் மணி நேரத்துல முக்கால் லாரித் தண்ணி!” கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்ற பிள்ளை அவள்.

மழைக்கணக்கு | ஆகஸ்ட் 23, இரவு 8.00

அருமை. இனி ஒரு ஒழுங்குக்கு வாருங்கள். தினமும் காலை 8.30க்குப் பாட்டிலைப் படித்துக் கொட்டிவிடுங்கள், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். நாடு முழுக்க மழை நாள் எட்டரைக்கு எட்டரைதான். அது உலக நேரத்தில் 3 மணி. பெய்யாத நாளில் 0.0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் பெய்யவில்லையா, படிக்கவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது. 2.5 மி.மீ. தொட்டால்தான் அது ‘மழை நாள்’ கணக்கில் சேரும். டிவியில் சொல்கிற ‘கனமழை’ 64.5 மி.மீ.இல் ஆரம்பம், 204.4க்கு மேல் போனால் ‘அதி கனமழை’.

தண்டையார்பேட்டை மாமி | ஆகஸ்ட் 24, காலை 10.15

எங்கள் ஊர்ப் பக்கம் முற்றத்தில் கிடக்கிற ஆட்டுக்கல் குழியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் ‘ஓர் உழவு மழை’ என்பார்கள். அதுவும் மழைமானிதானே?

பெரம்பூர் வாத்தியார் | ஆகஸ்ட் 24, மாலை 7.45

இதை வகுப்பில் கேட்டேன் அம்மா. ‘குழி கீழே போகப் போகக் குறுகுது சார், அதனால ஸ்கேல் விட்டா மி.மீ. வராது, ஆனா மில்லியில அளந்து வாய்ப் பரப்பால வகுத்தா வரும்’ என்றார்கள். தளும்பி வழிந்தால் அவ்வளவுதான். யார் வீட்டு ஆட்டுக்கல்லையாவது மாடிக்கு ஏற்றலாமா என்று ஆரம்பித்தார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன்.

பெரம்பூர் வாத்தியார் | அக்டோபர் 15, இரவு 9.30

வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. ஐந்து மாதக் கணக்கில் நடந்த சேதம்: கடல் உப்புக் காற்றில் ரீட் சுவிட்சின் கால் துருப்பிடித்து ஒருமுறை மாற்றினோம். சால்டர் பண்ணிய இடங்களுக்கு நெயில் பாலிஷ் அடித்திருக்கிறோம் (சென்சாரின் துளையை விட்டுவிட்டு). கூண்டுக்குள் ஒரு பல்லி குடும்பம் நடத்தியது. புனல் விளிம்பில் காகம் உட்காராமல் இருக்கக் கம்பி சுற்றியிருக்கிறோம், காகம் இப்போது கம்பியின் மேல் உட்காருகிறது.

நேற்றைய பெரிய மழையில் பாட்டில் 71, பக்கெட் 63. 0.192 சரியென்றுதானே நினைத்தோம்? மெடிக்கல் ஷாப்பில் டிரிப் செட் வாங்கி, 353 மில்லியை, அதாவது 20 மி.மீ.க்குச் சமமான தண்ணீரை, மெதுவாக விட்டோம்: 104 கவிழ்ப்பு, கச்சிதம். அதே தண்ணீரை வேகமாக விட்டால் 93 தான்.

ஓய்வுபெற்ற அப்சர்வர் | அக்டோபர் 16, காலை 6.05

பக்கெட் கவிழ்கிற அந்த அரை நொடியிலும் மேலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருக்கும். அது எண்ணிக்கையில் சேராமல் போய்விடும். கொட்டுகிற மழையில் எல்லா டிப்பிங் பக்கெட்டுக்கும், விலை உயர்ந்ததற்கும், இந்தக் குறை உண்டு. அதனால்தான் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண மானியும் வைப்பது. மொத்த அளவுக்குப் பாட்டிலை நம்புங்கள், எப்போது எவ்வளவு வேகத்தில் பெய்தது என்பதற்குப் பக்கெட்டை.

நேற்றைய பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட முடியுமா? பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க ஆசை.

பெரம்பூர் வாத்தியார் | அக்டோபர் 16, இரவு 8.20

படம் சரியாக வரவில்லை, எழுத்திலேயே தருகிறேன்: ‘பாட்டில் 71.0. பக்கெட் 63.2. புனலில் ஒரு வேப்பிலை இருந்தது, எடுத்தேன், எப்போது விழுந்தது தெரியவில்லை. படித்த நேரம் 8.34, படிக்கட்டில் தண்ணீர்.’

ஓய்வுபெற்ற அப்சர்வர் | அக்டோபர் 17, காலை 5.50

8.34 என்று எழுதியிருக்கிறாளே! நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாமதமாக வந்துவிட்டு 8.30 என்று எழுதி, பெரியவர் ஒருவரிடம் மாட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அந்தப் பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தீபாவளி லீவில் யார் படிக்கப் போகிறார்கள்? அந்த வாரம்தான் மழை இருக்கும்.

பெரம்பூர் வாத்தியார் | அக்டோபர் 17, இரவு 9.00

வாட்ச்மேன் அண்ணன் ஒத்துக்கொண்டார் ஐயா. இரண்டு நாளாகப் பிள்ளைகள் அவருக்கு ட்யூஷன் எடுக்கிறார்கள். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்து வைக்க வேண்டும், வளைவின் அடியைத்தான் படிக்க வேண்டும் என்று. இன்று சோதனையில் மூன்று தடவையில் இரண்டு தடவை சரியாகச் சொன்னார். மூன்றாவதுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார்.